துணைக்குப் போனவள்

நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருடம், கார்த்திகை மாதத்தில், கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த மாமா பாதியிலேயே ஊருக்கு வந்துவிட்டார். அம்மாவின் தம்பி, தாயில்லாமல் எங்கள் வீட்டில் வளர்ந்தவர். லீவுக்கு வந்தால் என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு நாகலாபுரம் கடைத்தெருவைச் சுற்றுகிறவர், இந்த முறை சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். ஒரு வாய் உள்ளே போகாது. செல்போன் அடித்து அடித்து ஓயும்.

ஒருநாள் அப்பா, மாமாவின் அறைக் கதவிலிருந்த தாழ்ப்பாளைக் கழற்றினார். துருப்பிடித்துவிட்டது என்றார். எனக்கென்னவோ அது புதிதாகத்தான் தெரிந்தது. அன்றைக்கே அம்மா என்னைக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் சொன்னாள்:

"ஏட்டி, மாமா எங்கன போனாலும் நீயும் கூடப் போ. கையை விட்டுராத."

கழுகுமலைத் திருவிழாவில் ஒருமுறை தொலைந்துபோய், மைக்கில் பெயர் சொல்லி மீட்கப்பட்டவள் நான். இதுவும் என் பாதுகாப்புக்கான ஏற்பாடு என்றே நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை, மழை விட்டு வானம் வெறித்த நேரம். அம்மா மாட்டுக்குக் கூளம் போட்டுக்கொண்டிருந்தபோது மாமா செருப்புகூடப் போடாமல் பின்வாசல் வழியாக இறங்கி நடந்தார். நான் ஓடினேன். உளுந்துக் காட்டுக்குள் கிணற்றைப் பார்த்து அவர் போய்க்கொண்டே இருந்தார். கூப்பிட்டேன்; திரும்பவில்லை. கரிசல் என் காலை அடிக்கு அடி பாரமாக்கி, கடைசியில் முழங்கால்வரை பிடித்துக்கொண்டது. அழுதேன். ஊரே கேட்கும்படி அழுதேன்.

கிணற்று மேட்டில் மாமா நின்றார். வெகுநேரம் நின்றதாகத்தான் ஞாபகம். பிறகு திரும்பி வந்து என்னைத் தூக்கி வரப்பில் உட்காரவைத்து, ஒரு குச்சியால் என் காலில் அப்பியிருந்த மண்ணை வழித்தெடுத்தார்.

"ஏன் மாமா என்னைய விட்டுட்டுப் போனீங்க?" என்று கேட்டேன்.

அவர் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். விட்டுப்போனதற்கு இவ்வளவு வருத்தமா என்று எனக்கே பாவமாகிவிட்டது. அம்மாவிடம் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவரே சொன்னார். "அக்கா, என்னால முடியல. யார்கிட்டயாவது கூட்டிட்டுப் போ."

அம்மா மாமாவையும், முழங்கால்வரை மண்கறையோடு நின்ற என்னையும் சேர்த்து அணைத்துக்கொண்டாள். வெகுநேரம் விடவேயில்லை. விடிந்ததும் முதல் பஸ்ஸில் அப்பா அவரைத் திருநெல்வேலிக்கு, மனசுக்குப் பார்க்கிற டாக்டரிடம் கூட்டிப்போனார். கேட்டவர்களிடம் காய்ச்சல் என்று சொல்லிவைத்தோம்.

மாத்திரையும், டாக்டரிடம் போய்ப் பேசிவருவதுமாக நாட்கள் போயின. தை பிறந்த பிறகு ஒருநாள் மாமா இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார். ஊற்றிவிட்டு அடுப்படிக்குப் போன அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். குழம்புக்கா அழுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனி மாதம் அவர் மறுபடி காலேஜுக்குக் கிளம்பினார். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறுவதற்கு முன் என் முன்னால் குனிந்து, கன்னத்தைத் தொட்டுச் சொன்னார்:

"என்னைய நீ பாத்துக்கிட்டது போதும்ட்டி. இனி நானே பாத்துக்கிடுதேன்."

மாமா வாய் தவறி மாற்றிச் சொல்லிவிட்டார் என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மாவும் அப்பாவும் ஏன் சிரிக்கவில்லை என்றுதான் தெரியவில்லை.