வாயால் சொல்லுங்கள்

லெந்து நாள்களின் (ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம்) இரண்டாவது ஞாயிறு. தூத்துக்குடியில் எங்கள் சபையில் மனந்திரும்புதலைப் பற்றிப் பிரசங்கித்துக்கொண்டிருந்தேன். நடுவில் குரல் கரகரத்து நின்றது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். காற்று வந்தது, சத்தம் வரவில்லை. முன்வரிசைப் பெண்கள் அதை உருக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அது உருக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

நான் ஆயர் (சபைப் போதகர்) அல்ல. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தவன். ஆயர் வெளியூர் போகும் ஞாயிறுகளில் பிரசங்க பீடம் எனக்கு வரும். நோயாளிகளைச் சந்தித்து ஜெபிக்கும் குழுவுக்கும் நானே பொறுப்பு.

மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள். நான் ஏழு வாரம் பனங்கற்கண்டு சப்பிக்கொண்டிருந்தேன்.

மருத்துவர் மூக்கின் வழியே மெல்லிய குழாயை விட்டு, “‘ஈ’ சொல்லுங்க” என்றார். திரையில் என் குரல்நாண்கள் (பேசும்போது அதிர்ந்து சத்தம் தரும் இரண்டு மடிப்புகள்) தெரிந்தன. இடது நாணின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு தடிப்பு.

“சிகரெட் உண்டா?”

“பேப்பர்ல டெஸ்க் வேலைல இருந்தப்ப. விட்டுப் பதினாறு வருசமாச்சு.”

அவர் குறித்துக்கொண்டார். முகம் மாறவில்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். குற்றம் சாட்டாத அந்த முகத்தைப் பின்னால் பலமுறை நினைத்துப் பார்த்தேன்.

பயாப்சி (நோயுள்ள இடத்திலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) எடுத்தார்கள். புற்றுநோய், ஆரம்ப நிலை. ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், திருநெல்வேலியில் கதிர்வீச்சு. முகத்தையும் கழுத்தையும் மேசையோடு சேர்த்துப் பிடிக்கும் வலை முகமூடிக்குள் சில நிமிடங்கள் அசையாமல் கிடக்க வேண்டும். வலிக்காது. மாலையில் முகம் கழுவும்போது அந்த வலையின் தடம் கன்னத்தில் இருக்கும். குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது, பழைய குரல் வருமென்று மட்டும் உறுதி சொல்ல முடியாது என்றார் மருத்துவர். பேச்சைக் குறைக்கச் சொன்னார். சட்டைப் பையில் ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது வாரம் சந்திப்புக் குழுவிலிருந்து மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். திரேஸ்புரத்தில் ஐஸ் கம்பெனி நடத்தும் சாமுவேல்தான் பேசினார். சங்கீதம் வாசித்தார், கொஞ்சம் நிறுத்தினார், குரலைத் தாழ்த்தினார்.

“அண்ணாச்சி, கர்த்தர் சமுகத்துல அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது உள்ள இருக்கா? இருந்தா வாயால சொல்லிருங்க. சரீரமும் லேசாயிரும்.”

காப்பித் தட்டோடு வந்த என் மனைவி ஜாய்ஸ் நின்றாள். “முப்பது வருசமா நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், ஒண்ணும் தேறல. நீங்க ஆறதுக்குள்ள காப்பியக் குடிங்க தம்பி.”

எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. கோபம் வந்தது. படுத்துக் கிடப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று குறிப்பேட்டில் எழுதப் போனேன். பேனா அங்கேயே நின்றது. கேள்வி என்னுடையது. சங்கீதத்துக்குப் பிறகு கொஞ்சம் நிறுத்த வேண்டும், குரலைத் தாழ்த்த வேண்டும், ‘வாயால’ என்பதை அழுத்த வேண்டும் என்று குழுவுக்குச் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் புற்றுநோய்க்குச் சிகிச்சையில் இருந்தார். அவர் படுக்கையருகே நின்று இதே கேள்வியைக் கேட்டேன். கணவரும் மாமியாரும் பக்கத்தில் இருந்தார்கள். “மனசுக்குள்ள சொல்லிக்கிடுதேன் அண்ணாச்சி” என்றார் அவர். மனசுக்குள் சொல்வது போதாது, வாயால் சொல்ல வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றைச் சொன்னார். அது கல்யாணத்துக்கு முந்திய, யாருக்கும் கேடில்லாத விஷயம். கணவர் எழுந்து வெளியே போனார். ஆறு மாதம் மனைவியோடு பேசவில்லை. மிச்சச் சிகிச்சைக்கு அந்தப் பெண் தனியாகவே பஸ்ஸில் போய்வந்தார்.

அவர் பிழைத்தார். நான் அதை என் ஜெபத்தின் கனியாக எடுத்துக்கொண்டேன். பிரசங்கங்களில் நான்கைந்து முறையாவது அவரை உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன். பெயர் சொல்லவில்லை. ஊர், தொழில், எத்தனை பிள்ளைகள், எந்த நோய் எல்லாம் சொன்னேன். பெயரை மறைத்துவிட்டு இத்தனையும் எழுதிக் கொண்டுவந்த நிருபர்களைத் திட்டியவன் நான். ஊரே கண்டுபிடித்துவிடுமே என்று செய்தியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். பீடத்தில் அந்தப் புத்தி வேலை செய்யவில்லை. செய்திக்கு ஆசிரியர் உண்டு, பிரசங்கத்துக்கு இல்லை என்ற தைரியம்தான்.

இங்கே அவரைப் பற்றி எழுத அனுமதி வாங்கியிருக்கிறேன். ஊரும் தொழிலும் வேண்டாம் என்றார். சொன்ன விஷயமும் இதில் வராது.

நான்காவது வாரம், கதிர்வீச்சு இல்லாத சனிக்கிழமை, பஸ்ஸில் அவர் வீட்டுக்குப் போனேன். கழுத்துத் தோல் கறுத்து உரிந்திருந்தது. எச்சில் விழுங்குவதே வேலையாக இருந்தது. மன்னிப்பை ஒரு பக்கத்துக்கு எழுதி, இரண்டு முறை திருத்தி, நல்ல தாளில் பிரதி எடுத்திருந்தேன்.

அவர் வாசலில் நின்றபடியே முழுவதும் படித்தார்.

“நல்லாத்தான் எழுதியிருக்கீய. அன்னைக்கு நா மனசுக்குள்ள சொல்லுதேன்னு கெஞ்சுனேன். வாயால சொல்லணும்னீய.”

தொண்டையைக் காட்டினேன்.

“தெரியும். கேள்விப்பட்டேன். மெதுவாச் சொன்னாப் போதும்.” உள்ளே திரும்பி, “அத்த, இங்கன வாங்க” என்றார்.

மாமியார் வந்து நின்றார். அவருக்கும் என்னை நினைவிருந்தது. நான் வாயைத் திறந்தேன். “நான் கேட்டது தப்பு. ஊர் முன்னால சொன்னது அதவிடத் தப்பு. என்ன மன்னிச்சிரும்மா.” காற்றாகத்தான் வந்தது. கடைசிச் சொல்லில் அதுவும் இல்லை.

“இவுகளுக்குத் தொண்டைல என்னளா?” என்றார் மாமியார்.

“எனக்கு வந்ததுதான் அத்த. அங்கன வந்துருக்கு.”

மாமியார் உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்தார். நான் குடித்து முடித்துச் செம்பைத் திருப்பிக் கொடுத்தேன்.

“கேட்டுக்கிட்டேன்” என்றார் அந்தப் பெண். “மன்னிப்பு வந்தா வரட்டும். இப்ப இல்ல. எங்க நின்னு சொன்னீயளோ அங்கனயே நின்னு சொல்லுங்க. என் கதைய மறுபடியும் இழுக்காதீய. உங்க கதையச் சொல்லுங்க.”

நாளிதழில் முதல் பக்கத்தில் தவறாகப் போட்டுவிட்டு, திருத்தத்தை உள்பக்க மூலையில் போடுவோம். அது நினைவுக்கு வந்தது. சரி என்று தலையசைத்தேன். “வாயால” என்றார். “சரி” என்றேன்.

நோயிலிருந்து எழுந்தவர்கள் ஸ்தோத்திரக் காணிக்கை (நன்றிக் காணிக்கை) வைத்துச் சாட்சி சொல்வது எங்கள் சபை வழக்கம். சிகிச்சை முடிந்து இரண்டாம் மாதம் என் முறை வந்தது. சபையார் அற்புதத்தைக் கேட்கத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அப்போது நான்கு நிமிடத்துக்குத்தான் குரல் இருந்தது. வைத்தியத்தைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னேன். பிறகு, படுக்கையில் கிடந்த ஒருவரிடம் கேட்கக்கூடாததைக் கேட்டேன் என்றும், கேட்டு அறிந்ததை இதே இடத்தில் நின்று சொல்லிப் பேர் வாங்கினேன் என்றும், நோயைக் குற்றத்துக்குச் சாட்சியாக்கியது என் பாவம் என்றும் சொன்னேன். யாரும் கண்ணைத் துடைக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் சாமுவேல் கைகொடுக்காமல் போனார். அடுத்த வாரம் வந்து, “இனிமே என்ன கேக்க அண்ணாச்சி?” என்றார். ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்கச் சொன்னேன்.

மனந்திரும்புதல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாமல் பிரசங்கம் வெறும் பேச்சு என்று முன்னைவிட அதிகமாக நம்புகிறேன். முப்பது ஆண்டுகளாக அதை எதிரே உட்கார்ந்திருந்தவர்களுக்கு மட்டும் சொல்லிவந்தேன். உங்களில் யாராவது படுக்கையில் கிடக்கும்போது என்னைப் போன்ற ஒருவர் வந்து அப்படிக் கேட்டால், பதில் சொல்ல வேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொள்ளுங்கள். போய்விடுவார்.

இப்போது என் குரல் காலையில் இருக்கும், சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் தேய்ந்துவிடும். உமிழ்நீர் குறைவு. ஒவ்வொரு முறை பேசுவதற்கு முன்பும் ஒரு வாய்த் தண்ணீர் விழுங்க வேண்டும். அதற்குள் சொல்ல வந்ததில் பாதி சொல்லாமலே போய்விடுகிறது. அதனால் யாருக்கும் நஷ்டம் வந்ததாகத் தெரியவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர் குழாயை விட்டு “‘ஈ’ சொல்லுங்க” என்கிறார். சொல்கிறேன். வெள்ளைத் தடிப்பு இல்லை, வடு இருக்கிறது. மருத்துவமனைக்குப் போகும் பஸ்ஸில் ஒருமுறை அந்தப் பெண்ணும் இருந்தார், அவருக்கும் அன்று பரிசோதனை நாள். “தண்ணி கொண்டாந்தீயளா?” என்று கேட்டார். பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன். மன்னிப்பு வந்துவிட்டதா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் இடத்தில் நான் இல்லை.