சிப்பாய் ஜேபஸின் வாரிசு

ஹோரஸ் டன்னட் நாற்பத்தொரு வருடம் விதைக் கம்பெனியில் மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டினார். ஓய்வு பெற்ற மறு வாரம் வம்சம் தேடப் புறப்பட்டார். அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. சொந்த ஊரான ஹாக்ஸ்பியின் தேவாலயத்தில், பழைய திருமணப் பதிவேட்டில், 1789-ஆம் வருடப் பக்கத்தில், ஜேபஸ் டன்னட் காத்திருந்தார். பெயருக்குப் பக்கத்தில் சுருக்கமாக 'சோஜர்' என்று எழுதியிருந்தது.

சோல்ஜர். அந்தக் காலத்துப் பாதிரியாருக்கு எழுத்துப்பிழை வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே ஹோரஸின் பேச்சில் ஜேபஸுக்குச் சிப்பாயின் சிவப்புக் கோட்டு வந்தது. அடுத்த மாதம் அமெரிக்கப் போரில் குண்டடி பட்டது. இரண்டு வருடத்தில் நொண்டவும் ஆரம்பித்துவிட்டார்.

"எந்தக் கால்ல அடி?" என்று மனைவி வின்னி கேட்டாள்.

"இடது கால்."

"போன கிறிஸ்மஸுக்கு வலதுன்னு சொன்னியே."

மே மாதம் ஊர் கூடி எல்லையைச் சுற்றி நடக்கும். ஒவ்வொரு எல்லைக்கல்லையும் வில்லோ மரக் கோலால் அடிப்பார்கள். முதல் கோலை ஊரின் மூத்த குடும்பத்தார் பிடித்து முன்னால் போக வேண்டும். பதினோரு வருடமாக அதைப் பிடித்தவர் ஹோரஸ். வருடத்தின் மற்ற முந்நூற்று அறுபத்து நான்கு நாளும் அவர் அந்த ஒரு நாளுக்காகவே இருந்தார் என்று சொல்லலாம்.

ஒருமுறை ஜூடித் பெல்லமி, "இந்த வருஷம் நான் பிடிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டாள். லண்டனிலிருந்து வந்து குடியேறியவள். தேவாலயத்தைக் கூட்டுவது, பூ வைப்பது, கூரை ஒழுகினால் வாளி வைப்பது எல்லாம் அவள்தான்.

"நேத்து வந்தவங்க அதைப் பிடிக்கறது வழக்கமில்லம்மா."

"பத்தொம்பது வருஷம் ஆச்சு, ஹோரஸ்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

அடுத்த ஊர்ச் சபைக் கூட்டத்தில் ஹோரஸ் ஒரு விதியை நிறைவேற்ற வைத்தார். முதல் கோலைப் பிடிப்பவரின் முன்னோர் 1800-க்கு முன்பே இந்த ஊர்க்காரராகப் பதிவேட்டில் இருக்க வேண்டும். ஜூடித்தும் ஆதரவாகக் கை தூக்கினாள். பிறகு, வேறு வேலை இல்லாததால் என்று சொல்லிக்கொண்டு, பழைய கையெழுத்து படிக்கக் கற்றுக்கொண்டாள். பதிவேடு முழுவதையும் கணினியில் ஏற்றத் தொடங்கினாள்.

ஏப்ரலில் ஒரு நாள் காகிதங்களோடு ஹோரஸ் வீட்டுக் கதவைத் தட்டினாள். "மத்தவங்களுக்குத் தெரியறதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லணும்னு வந்தேன். ஜேபஸ் பேருக்குப் பக்கத்துல இருக்கறது சோல்ஜர் இல்ல. சோஜர்னர். தங்கிப்போக வந்தவன். ஊர்ல உரிமை இல்லாதவங்களை அப்படித்தான் எழுதுவாங்க."

"உங்க கண்ணாடியை மாத்துங்க."

"கல்யாணப் பொண்ணு பேருக்குப் பக்கத்துலயும் அதேதான் இருக்கு."

"சிப்பாய் பொண்டாட்டி. அதனால போட்டிருக்கான்."

"கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடியேவா? ரெண்டு சிப்பாயுமா சேர்ந்து கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க?"

சமையலறையில் வின்னி சிரித்தது கேட்டது. கெட்டில் சத்தம் என்று ஹோரஸ் முடிவு செய்துகொண்டார்.

ஜூடித் இன்னொரு காகிதத்தை எடுத்தாள். ஜேபஸ் இங்கே வந்தபோது ஸ்கார்த்பி என்ற ஊர் எழுதிக் கொடுத்த சான்று. ஜேபஸ், அவன் மனைவி, இவர்கள் பெறும் பிள்ளைகள் எல்லோரும் ஸ்கார்த்பியைச் சேர்ந்தவர்கள். ஒன்றுமில்லாமல் போனால் சோறு போட வேண்டியது ஸ்கார்த்பியே தவிர ஹாக்ஸ்பி அல்ல.

ஹோரஸ் அதை மூன்று முறை படித்தார். அதில் ஜேபஸின் இரண்டு காலையும் தேடினார். ஜேபஸுக்குக் காயமே இல்லை.

"ஒரு எழுத்துதானே ஜூடித். அப்படியே விட்டுடக் கூடாதா?" அவர் குரல் இறங்கியிருந்தது.

"நான் இருக்கறதைத்தான் எழுதுவேன்." எழுந்து நின்றவள் கொஞ்சம் தயங்கினாள். "விதியை வேணா மாத்தலாம். நான் ஓட்டுப் போடறேன்."

அது அவரால் முடியவில்லை. விதியை மாற்றினால் யாருக்கெல்லாம் கதவு திறக்கும் என்பது அதை எழுதியவருக்குத் தெரியாதா?

சபை கூடியது. விதிப்படி ஊரில் மிஞ்சியவர் ஒரே ஒருவர், முட்டை விற்கும் லென் கப்பிள்டிச். ஆள் அனுப்பிக் கூட்டிவந்தார்கள்.

"நானா? அந்தச் சேத்துல ஆறு மைலா? எங்க தாத்தன் பாட்டன் எவனும் அதை நடந்ததில்ல. நடந்திருந்தா அவ்வளவு நாள் உயிரோட இருந்திருக்க மாட்டானுங்க," என்றார் லென். "அந்த லண்டன் அம்மாகிட்ட குடுங்க. ஊர்லயே அவங்ககிட்டதான் நல்ல பூட்ஸ் இருக்கு."

மூத்த குடும்பம் தன் கோலை வேறொருவரிடம் கொடுக்கக் கூடாது என்று விதியில் எங்கும் இல்லை. மே மாத எல்லை நடையில் ஜூடித் முன்னால் நடந்தாள். கல்லைக் கொஞ்சம் பலமாகவே அடித்தாள் என்றார்கள். ஹோரஸ் போகவில்லை, பல்வலி என்று வின்னி எல்லோரிடமும் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு ஸ்கார்த்பியில் எல்லை நடை. ஹோரஸ் ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, சான்றின் நகலைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். தேவாலய வாசலில் ஓர் அம்மாள் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள்.

"எந்த ஊர் நீங்க?"

"இதே ஊர்தான். ரொம்பப் பழைய குடும்பம்."

அவள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "நான் உங்களைப் பார்த்ததே இல்லையே?"

"நடுவுல கொஞ்ச நாள் ஹாக்ஸ்பில தங்கியிருந்தோம்," என்றார் ஹோரஸ்.

"அப்படியா? வெளியூர்க்காரங்க எல்லாம் கடைசி வரிசை. நாய் பிடிச்சுக்கிட்டு வர்றவங்களோட போய் நில்லுங்க."