துணைவி என்று எழுதிய உயில்

"துணைவி" என்ற சொல்லை யாராவது இளக்காரமாகச் சொன்னால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணை வீட்டைவிட்டு விரட்டப் பார்த்தார்கள். விடமாட்டேன் என்று நின்றவர் என் பெரியப்பா.

குடவாசல் பக்கம் அவருக்கு ஒரு நண்பர். நிலபுலன் உள்ளவர், சுயமரியாதைக்காரர். முதல் மனைவி இறந்து சில ஆண்டுகள் கழித்து, ஐயரும் இல்லாமல் தாலியும் இல்லாமல், மாலை மாற்றி ஒரு விதவையை மணந்துகொண்டார். அந்தக் கல்யாணத்துக்குத் தலைமை தாங்கியவர் பெரியப்பாதான். பிறகு நண்பர் உயில் எழுதி, அதை நிறைவேற்றும் பொறுப்பையும் அவர் தலையிலேயே கட்டினார். குடியிருக்கும் வீடும் வாய்க்கால் ஓரத்து நிலமும் "என் வாழ்க்கைத் துணைவிக்கு" என்று எழுதியிருந்தார். பெயரை எழுதவில்லை. கட்சிக்காரர்கள் பத்திரம் எழுதினாலும் மேடையில் பேசுகிற மாதிரிதான் எழுதுவார்கள். பெயரை எழுதியிருந்தால் கை தேய்ந்தா போயிருக்கும்?

எக்சிக்யூட்டர் என்றால் ஏதோ கௌரவம் என்று நினைக்கிறார்கள். சும்மா இருந்த மனிதரை ஊரே சந்தேகமாகப் பார்க்க வைக்கிற வேலை அது. இறந்தவரின் கடனை அடைக்க வேண்டும். சேர வேண்டியவர்களிடம் சேர்க்கும்வரை சொத்தைக் காப்பாற்ற வேண்டும். நண்பர் இறந்தது கூலித் தகராறு முற்றியிருந்த காலத்தில். ஊர்முனையில் போலீஸ் உட்கார்ந்திருக்க, அவர் வயலில் கதிர் முற்றித் தலைசாய்ந்து கிடந்தது. நண்பர் உயிரோடிருந்தபோதே ஒப்புக்கொண்ட கூலியைக் கொடுத்து பெரியப்பா அறுப்பை முடித்தார். "ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு அள்ளிக் குடுக்கறாரு" என்றான் முதல் தாரத்து மகன். பெரியப்பா காதில் விழும்படியேதான் சொன்னான்.

நண்பருக்குக் கருமாதி கிடையாது, படத்திறப்புதான். பெரியப்பாவோடு நானும் போயிருந்தேன். பேச வந்தவர்கள் பேசிவிட்டுப் போனதும் மகன் ஒரு வக்கீலோடு வந்து உட்கார்ந்தான்.

"மாமா, அப்பா மனைவின்னு எழுதல, துணைவின்னுதான் எழுதியிருக்காரு. துணைவின்னா என்னன்னு ஊருக்கே தெரியும். வைப்பு."

மாலை போட்ட படத்துக்குக் கீழேதான் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். தான் முறையான மனைவி இல்லை, சொத்தில் பாத்தியதை இல்லை என்று எழுதிய தாளை வக்கீல் அவர் மடியில் வைத்தார். கையெழுத்துப் போட்டால் கண்மூடும்வரை அந்த வீட்டிலேயே இருந்துகொள்ளலாமாம். என்ன பெருந்தன்மை! சுற்றியிருந்த சொந்தக்காரர்களும், "விட்டுக் குடுத்துப் போங்க சார், அவங்களுக்கு இருக்க எடம் இருக்குல்ல" என்று பெரியப்பாவுக்கே புத்தி சொன்னார்கள்.

அந்த அம்மாள் தாளைத் தொடவில்லை. "நான் வைப்புன்னு நானே கையெழுத்துப் போடணுமாண்ணே?" என்று பெரியப்பாவைக் கேட்டார்.

பெரியப்பா அந்தத் தாளை வெடுக்கென்று எடுத்தார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றைக்குத்தான். "எழுதினவன் என்ன நெனச்சு எழுதினானோ அதான் அர்த்தம். அதை நடத்திவைக்கத்தான் என்னைப் போட்டிருக்கான். பஞ்சாயத்துப் பண்ண இல்ல. கோர்ட்டுக்குப் போங்க, நானும் வர்றேன்."

"போவத்தான் போறோம்" என்றான் மகன்.

அப்போதுதான் காபி கொண்டுவந்த அவன் மனைவி வாயைத் திறந்தாள். "நம்ம கல்யாணத்துல மைக்கைப் புடிச்சு என்ன சொன்னீங்க? 'வாழ்க்கைத் துணைவியா ஏத்துக்கறேன்'னுதானே? உங்க அப்பா எழுதிக் குடுத்ததைத்தானே படிச்சீங்க? எனக்கும் தாலி இல்ல. அப்ப நான் யாருங்க?"

வக்கீல்தான் முதலில் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

வழக்கு வரவில்லை. பட்டா மாறியது, இந்தத் தடவை பெரியப்பா பக்கத்தில் நின்று பெயரை முழுசாக எழுதவைத்தார். இன்றைக்கும் அந்தக் குடும்பத்தில், "நாங்களா பாத்து அவங்களுக்கு வீட்டைக் குடுத்தோம்" என்று பேசிக்கொள்கிறார்கள். கொடுத்தார்களாம்! வயிறு எரிகிறது.

பட்டாவைக் கையில் வாங்கிய அன்று அந்த அம்மாள் அழவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. "உயில்ல அவரு எழுதியிருந்தாரு. நீங்க சாட்சியா இருந்தீங்க. அத்தனை வருசம் நான் அவரோட வாழ்ந்தேன். இவ்வளவும் பத்தல. அந்தப் பொண்ணு மட்டும் அன்னிக்கு வாயத் தொறக்கலன்னா, நான் யாருண்ணே?" என்று கேட்டார்.