அம்மா அமுத்திய விமானம்

கனடாவின் எட்மண்டனில் தினமும் காலையில் நான் செய்யும் முதல் வேலை விமானம் ஏறுவது. பல் துலக்குவதற்கு முன்பே. அம்மாவின் பழைய டேப்லெட்டை மடியில் வைத்து, திரையில் இருக்கும் குட்டி விமானப் படத்தை அமுக்குவேன். இணையம் அறுந்துபோகும். அதன் பிறகுதான் படங்கள் இருக்கும் செயலியைத் திறக்கலாம். மறந்துபோய் அப்படியே திறந்தால் ஒரு பெட்டி வந்து நடுத்திரையில் உட்கார்ந்துகொண்டு, ‘உள்நுழையவும்’ என்று கேட்கும். சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் சுற்றிச் சுற்றி மறுபடி அதையே கேட்கும். டேப்லெட்டுக்கு வயதாகிவிட்டது; செய்தவர்களே கைகழுவிவிட்டார்கள். ஐம்பதைத் தாண்டியவன் என்பதால் எனக்கு அதன்மேல் கோபம் இல்லை, ஓர் இன அபிமானம்தான்.

கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரம் வீட்டில் தனியாக இருந்த அம்மாவுக்கு நான் வாங்கிக் கொடுத்தது அது. பேசுவதற்கும், நான் அனுப்பும் வீடியோக்களைப் பார்ப்பதற்கும். முதன்முதலில் பெட்டி வந்தபோது, ஊதுபத்தி விற்க வந்தவரைத் திருப்பி அனுப்பும் பவ்யத்தோடு அம்மா அதனிடம், “இன்னைக்கு வேண்டாமுங்க, அப்பறமா வாங்க” என்றாள். அது போகவில்லை.

“ஏங் கண்ணு, நீ ஆருன்னு கேக்குது. பேரு சொன்னாலும் நம்ப மாட்டீங்குது.”

“அதை விடும்மா. அது அப்படித்தான்.”

“உட்டா உன்ர மூஞ்சி தெரிய மாட்டீங்குதே!”

கொஞ்ச நாளில் புகார் நின்றது. கூடவே, நான் கூப்பிட்டால் அம்மா எடுப்பதும் குறைந்தது. கோயிலுக்குப் போயிருப்பாள், தூங்கியிருப்பாள் என்று நானே காரணம் சொல்லிக்கொள்வேன். கடைசி நாளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். அன்று அவள் உண்மையிலேயே தூங்கியிருந்தாள், எழுந்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்தபின், அவள் கட்டிலில் கிடந்த டேப்லெட்டை எடுத்தேன். சார்ஜ் போட்டதும் திரையில் விமானப் படம் எரிந்தது. பக்கத்து வீட்டுச் சரசக்காதான் விளக்கினார்.

“அந்தப் பிளேனை அமுத்திப்போட்டா பொட்டி வரதில்லீங்க தம்பி. அம்மாவே கண்டுபுடிச்சாங்க. இஞ்சினீரு பையனுக்குத் தெரியாதது எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு ஒரே சிரிப்பு. மத்தியானம் பூராம் உங்க வீடியோதானுங்க.”

“அதை அமுத்திட்டா நான் கூப்படறது வராதேக்கா.”

சரசக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். “அய்யோ... கண்ணு கூப்படவே மாட்டீங்கறான்னு சொல்லுவாங்களே. அப்பறம் பாவம் வேலை சாஸ்தியாட்ட இருக்குதுன்னு அவங்களே சொல்லிக்குவாங்க.”

விமானத்தை அணைத்தேன். நின்றுபோயிருந்த தவறிய அழைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. எல்லாமே என் பெயர். நான் கூப்பிட்ட நேரத்தில் அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டேப்லெட்டோடு எட்மண்டன் திரும்பி வந்தேன். அந்த டேப்லெட்டில் அம்மா பேசிப் பதிவுசெய்த சில வீடியோக்கள் இருந்தன. என் வீடியோக்களுக்கு அவள் சொன்ன பதில்கள். அனுப்பத் தெரியாமல் அங்கேயே தங்கிவிட்டவை. வெளியே எடுக்கக் கேபிள் போட்டுப் பார்த்தேன். என் கணினி அதை ஒரு சாதனமாகவே ஒப்புக்கொள்ளவில்லை. பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த இளைஞன் தங்கமானவன். எல்லாவற்றையும் அழித்துவிட்டால் சரியாகிவிடும் என்றான். வேண்டாம், என் அம்மாவுடையது என்றேன்.

“அப்படியானால் அழிக்கலாமா என்று அவரையே கூப்பிட்டுக் கேட்டுவிடலாமே?”

“இப்போது முடியாது.”

“ஓ, நேர வித்தியாசமா?”

“ஆமாம். பெரிய வித்தியாசம்.”

நாளை வாருங்கள் என்று சிரித்தான். நானும் சிரித்து, நன்றி சொல்லிவிட்டு வந்தேன். இந்த நாட்டில் நான் சுத்தமாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

ஆகவே, அம்மாவின் வித்தையே கதி. விமானத்தை அமுக்கிவிட்டுத் திறக்கிறேன். லென்ஸ் எந்தப் பக்கம் என்று தெரியாமல் பிடித்திருக்கிறாள். முகம் இல்லை, கோயமுத்தூர் வீட்டின் மின்விசிறி மட்டும் சுற்றுகிறது. “கண்ணு, அந்தப் பனியில தொப்பி போடாம நிக்கற பாரு. காதை மூடிக்க சாமி” என்கிறது குரல். பிறகு, “எப்ப வாரே?” என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்காகக் கொஞ்சம் காத்திருக்கிறது.

வெளியே பனி கொட்டுகிறது. ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள், காதுவரை இழுத்துவிட்ட தொப்பியோடு உட்கார்ந்துகொண்டு, “வாரேம்மா” என்கிறேன். திரையின் உச்சியில் விமானம் எரிகிறது, எங்கும் கிளம்பாமல்.