பாம்புச் செவிக்கு இரட்டை விலை

ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கியாயிற்று. மின்விசிறியை நிறுத்தியாயிற்று. சுவர்க் கடிகாரம் துண்டில் சுற்றப்பட்டுக் குளியலறைக்குப் போய்விட்டது. இப்போது அவர் சோபாவின் நட்டநடுவில் உட்கார்ந்து, கண்ணை மூடி, வேர்த்து வழிய வயலின் கேட்கிறார். சமையலறையில் யாராவது தண்ணீர் குடித்தால்கூடப் பொறுக்காது. "மெல்ல முழுங்குங்கப்பா, முக்கியமான இடம் வருது" என்பார்.

வீட்டில் அவருக்குப் பாம்புச் செவி என்று பெயர். மச்சினன் கிண்டலுக்கு வைத்தது. அவரோ அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

பிழைப்பும் காதை வைத்துத்தான். மருத்துவமனையில் காது சோதிக்கும் வேலை. கண்ணாடி அறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பார். "சத்தம் கேட்டா மட்டும் அமுக்குங்க. கேட்ட மாதிரி இருந்தா அமுக்காதீங்க." மனிதனுக்கு மானம் என்று ஒன்று இருக்கிறதே! செவிடு என்று பெயர் வாங்க மனமில்லாமல் குத்துமதிப்பாக அமுக்குகிறவர்கள் உண்டு. அவர்கள் வந்தால் இவர் சத்தமே அனுப்பாமல் சும்மா இருப்பார். அப்போதும் பொத்தான் அமுங்கும். சாப்பிடும்போது அதை நடித்துக் காட்டி விழுந்து விழுந்து சிரிப்பார். மனைவியும் சிரிப்பாள், கவனமாகக் கேட்டுக்கொண்டே.

அலமாரி நிறைய சிடி வைத்திருக்கிறார். அது போதாதென்று உயர்தரப் பதிவுகளை டவுன்லோடு செய்யும் பித்து பிடித்தது. சிடியாகக் கையில் இருக்கிற அதே வயலினை, சிடிக்குக் கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு கொடுத்து மறுபடி வாங்குவார். கேட்டால், "சிடில பாதிய அமுக்கிடுவான். இதுல அந்தாளு மூச்சு விடறதுகூட கேக்குது" என்பார்.

மனைவி துணிக்கடையில் அளந்து கிழித்துக் கொடுப்பவள். அவளிடம் இந்தப் பருப்பு வேகாது. "டப்பா இல்ல, தட்டு இல்ல, படம் போட்ட புத்தகம் இல்ல. வேண்டாம்னா இன்னொருத்தருக்குக் குடுக்கக்கூட முடியாது. இதுக்கு ரெண்டு மடங்கு விலையா?"

"காது உள்ளவனுக்குத்தான்டி அருமை தெரியும்."

"ஒரே துணிய ரெண்டு பையில போட்டு ரெண்டு விலை சொல்றத நான் பாக்காததா?"

இப்படியே ஓடிக்கொண்டிருந்த வண்டி, வாஷிங் மெஷின் படுத்த வாரத்தில் குடைசாய்ந்தது. அவள் போர்வைகளைக் கையால் பிழிந்துகொண்டிருந்தபோது, இவர் உள்ளே ஒரு முழுத் தொகுப்பை டவுன்லோடு செய்துகொண்டிருந்தார். ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"ஒரே பாட்ட ரெண்டு விதமாவும் போடறேன். கண்ண மூடிக்கிட்டு எது எதுன்னு சொல்லிடுங்க. சொல்லிட்டா நான் ஆயுசுக்கும் வாயத் திறக்க மாட்டேன். சொல்லலன்னா இனிமே சிடிதான், அந்தக் காசு மெஷினுக்கு."

"போடு, பாத்துடலாம்" என்றார். பேச்சில்தான் வீராப்பு. வயது ஏற ஏறக் காது மந்தமாகும் என்பது அவருக்குத் தெரியாததா? ஊரார் காதையெல்லாம் சோதித்தவர், தன் காதை மட்டும் அந்தக் கண்ணாடி அறைக்குள் கொண்டுபோனதே இல்லை. பணம் போனால் போகட்டும், பட்டம் போய்விடுமே என்பதுதான் பயம். பாவமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. மச்சினன் நடுவர். டவுன்லோடு வரும்போது கையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான்.

வயலின் ஒலித்தது. கை அசையவில்லை. நிறுத்தி, அதே இடத்தை மறுபடி போட்டாள். "இதுவும் சிடிதான். மொட்டையா இருக்கு" என்று உதட்டைப் பிதுக்கினார். மறுபடியும் வயலின். கை விருட்டென்று உயர்ந்தது.

"இதோ! இதோ மூச்சு விடறாரு பாரு! என்னா தெளிவு!"

மச்சினன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். அவர் கண்ணைத் திறந்தார். எதிரே லேப்டாப் மூடியபடியே கிடந்தது; அதன் ஒயரைக்கூட யாரும் மாட்டியிருக்கவில்லை. மூன்று தடவையும் சுழன்றது அந்த ஒரே சிடி.

மனைவி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

"கை வலிக்கப் போகுதுங்க, இறக்குங்க" என்றாள்.

அப்படியே இறக்க அவருக்கு மனம் வரவில்லை. முழங்கையை மெல்ல மடக்கி, இதற்காகத்தான் தூக்கினேன் என்பதுபோல் தலையைச் சொறிந்துகொண்டார்.