கணக்கெழுதிய கூலியும் நான்கு பற்களும்

ஆவணி மாதத்தில் என் மேல்வரிசை முன்பற்கள் நான்கையும் மருத்துவர் பிடுங்கிவிட்டார். அறுபத்தொன்பது வயதில் அது ஒரு செய்தியே அன்று. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருப் பெருமாள் கோயிலில், மார்கழி முழுவதும் விடியலில் பாசுரம் பாடும் குழுவின் முன்வரிசையில் இருபத்தாறு ஆண்டுகளாக நிற்பவன் நான். நா மேற்பல்லைத் தீண்டினால்தான் தகரமும் நகரமும் பிறக்கும். எம்பெருமானின் திருநாமமே நகரத்தில் தொடங்குவது. என் வாயிலிருந்து அது வெறுங்காற்றாக வந்தது.

புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றில், பாடி முடித்தபின் குழுத் தலைவர் என்னைத் தனியே அழைத்தார்.

"அண்ணாச்சி, தப்பா நினைக்காதீக. மார்கழிக்குள்ள பல்லைக் கட்டிருங்க. இல்லேன்னா கொஞ்சம் பின்னால தள்ளி நின்னுக்கிடுங்க. மைக்குல உங்க சத்தந்தான் முதல்ல விழுது. சனங்க சிரிக்காக."

பல் கட்ட இருபதாயிரம் கேட்டார் மருத்துவர். அதைவிடக் கூடுதலாகவே எனக்கு வரவேண்டியிருந்தது. இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்யும் சிறு கூடம் ஒன்றுக்கு நான் கணக்கெழுதி, மாதந்தோறும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுத்து வந்தேன். மாதம் இரண்டாயிரம். பதினொரு மாதமாக அந்த இரண்டாயிரம் என் கைக்கு வரவில்லை.

திங்கட்கிழமை காலை டவுன் பஸ் ஏறிச் சென்றேன். முதலாளி கூடத்தின் நடுவே நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். அவரைச் சுற்றிப் பன்னிரண்டு பெண்கள் பேண்டேஜ் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க சாமி. பல்லு எங்க? கடன்காரன் புடுங்கிட்டுப் போயிட்டானா?"

பெண்கள் சிரித்தார்கள். வந்த காரியத்தைச் சொன்னேன். பணம் எதற்கு என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அது என் பிழை.

"அப்படியா? எங்க, ஒரு பாட்டுப் படிங்க. எம்புட்டுச் சேதம்னு பாத்துட்டுத் தாரேன்."

'தாரேன்' என்ற அந்த ஒரு சொல்லை நம்பிப் பாடினேன். பெருமாள் சந்நிதியிலன்றி வேறெங்கும் பாடியிராத பாசுரத்தைக் கஞ்சி வாடை வீசும் அந்தக் கூடத்தில் பாடினேன். இரண்டாம் அடியிலேயே எச்சில் தெறித்தது. ஒருத்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். இன்னொருத்தி, "ஏட்டி, தாத்தா விசிலடிக்காரு" என்றாள்.

சிரிப்பு அடங்கியதும் முதலாளி மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். எங்கள் தெருக் கோயிலின் ரசீது அது. மார்கழியில் ஒருநாள் பொங்கலுக்கான உபயம், இருபத்திரண்டாயிரம் ரூபாய், அவர் குடும்பத்தின் பெயரில்.

"உங்க ஃபீஸுதான் சாமி. உங்க கையில குடுத்தா மாத்திரை வாங்குவீக, கரண்டு பில்லு கட்டுவீக. அதான் பெருமாள்கிட்டயே சேத்துட்டேன். வேண்டாம்னு சொல்லுவீகளா?"

நான் சொல்லமாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். பக்தனைக் கொள்ளையடிக்க வேண்டுமானால் கோயில் வழியாகத்தான் அடிக்கவேண்டும் என்பதை அவர் எங்கோ கற்றிருந்தார். நான் வாசலைத் தாண்டும்போது, "அதைச் செலவுல எழுதி வரியில கழிச்சிருங்க" என்று குரல் கொடுத்தார்.

திரும்பும் வழியெல்லாம் நாவில் பாசுரம் வரவில்லை. மனம் வேறொன்றில் நிலைத்திருந்தது.

எங்கள் பக்கத்துச் சிறு முதலாளிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஜிஎஸ்டி பதியும்போது தங்கள் கைப்பேசி எண்ணைத் தரமாட்டார்கள். "அந்த மெசேஜெல்லாம் வந்தா தலைவலி, உங்க நம்பரையே போடுங்க" என்பார்கள். ரிட்டர்னை உறுதிசெய்யும் ஓடிபி கணக்கெழுதுபவனின் கைப்பேசிக்குத்தான் வரும். எண்ணை மாற்ற வேண்டுமானால் அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். அவருடைய கூடத்தின் சாவி என் சட்டைப்பையில் இருந்தது.

நான் ஒரு மாதம் ரிட்டர்ன் போடவில்லை. அவர் கவனிக்கவில்லை. அடுத்த மாதமும் போடவில்லை. இரண்டு மாதம் தொடர்ந்து தவறினால் சரக்கு அனுப்புவதற்கான இ-வே பில் எடுக்கமுடியாது. கார்த்திகையில் ஒரு நாள், லாரி ஏற்றிய பேண்டேஜ் வாசலிலேயே நின்றது. அன்று அவர் பதினேழு முறை அழைத்தார். ஒவ்வொரு முறையும் மணி ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். அத்தனை இனிமையாக எந்த ஒலியும் என் செவிக்கு இருந்ததில்லை.

பத்து நாள் சரக்கு நகரவில்லை. கூடத்தில் வேலை நின்றது. பதினோராம் நாள்தான் எடுத்தேன்.

"தந்துடுதேன் சாமி. எங்க வரணும்?"

"அங்கேயே. அந்தப் பொம்பளைக முன்னாலேயே எண்ணிக் கையில குடுக்கணும்."

அந்தப் பன்னிரண்டு பேரும் காத்திருந்தார்கள். முதலாளி ரப்பர் வளையமிட்ட பணக்கட்டை எடுத்து, இருபத்திரண்டாயிரத்தையும் நிதானமாக எண்ணி என் கையில் வைத்தார். பிறகு அவர்கள் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, எல்லாரும் கேட்டுக்கிடுங்க. உங்களுக்கு நிக்கிற ஒரு வாரக் கூலியிலதான் சாமிக்குப் பல்லு கட்டுதோம். அவியதான் எல்லாரு முன்னாலயும் குடுக்கச் சொன்னாக. உங்களுக்குப் பொறவு பாப்போம்."

பொய்யாக இருக்கும் என்று நினைக்க வழியில்லை. பன்னிரண்டு பேரின் ஒரு வாரக் கூலி ஏறத்தாழ அவ்வளவுதான். கூலிப் பட்டியல் எழுதியவன் நான்.

அன்று யாரும் சிரிக்கவில்லை. விசில் என்று சொன்னவள்தான் பேசினாள்.

"நல்லா இருங்க தாத்தா. பத்து நாளா அடுப்பு எரியலை. நீங்களாவது நல்லா மெல்லுங்க."

பணத்தை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டேன். அங்கேயே அமர்ந்து இரண்டு ரிட்டர்னையும் போட்டேன். ஓடிபி இரண்டு முறையும் உடனே வந்தது.

மார்கழி முதல் நாள் முன்வரிசையில் நின்றேன். நகரம் நகரமாகவே வந்தது; குழுத் தலைவர் கண்மூடித் தலையசைத்தார். இராஜபாளையத்துக்காரர் இப்போது வேறு ஆளிடம் கணக்கைக் கொடுத்துவிட்டார். அந்தக் கூலிப் பட்டியல் இனி என் பார்வைக்கு வராது. நிலுவையிலிருந்த ஒரு வாரம் அந்தப் பெண்களுக்குக் கிடைத்ததா என்று நான் எவரிடமும் கேட்கவில்லை. கேட்டு, இல்லை என்று தெரிந்தால், பணத்தைத் திருப்பித் தரவேண்டியிருக்கும். பல்லோ பொருத்தியாகிவிட்டது.