ராத்திரி ஏழு தடவை

நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தேன். எண்பதுகளின் நடுவில் ஒரு மார்கழியில், வாசல் தாழ்ப்பாளுக்குத் தேங்காய் எண்ணெய் விட ஆரம்பித்தேன். கக்கூஸுக்குப் போக வீட்டுக்கு வெளியே பத்துப் படி இறங்க வேண்டும். ராத்திரியில் நான் எழுந்து போவது மனைவிக்குத் தெரியக் கூடாது.

மலைக்குளிரில் ஒன்றிரண்டு தடவை வரத்தான் செய்யும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் தாகம்? போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தேன். குடித்தால் மறுபடி படி இறங்க வேண்டும். குடிக்காவிட்டால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சனியன், எந்தப் பக்கமும் வழியில்லை. அடுத்தது எப்போது முட்டும் என்று இருட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

பகலெல்லாம் அசதி. அசதிக்கு எஸ்டேட்டில் எல்லோரும் குடிப்பதைத்தான் நானும் குடித்தேன், வெல்லம் தூக்கலாகப் போட்ட கடுங்காப்பி. பிளாஸ்க்கில் ஊற்றித் தலைமாட்டிலும் வைத்துக்கொண்டேன். உடம்பு இளைத்து ஸ்வெட்டர் தொளதொளவென்று ஆக ஆக, வெல்லத்தைக் கூட்டினேன். புத்திசாலி!

டாக்டரிடம் போகப் பயம். எனக்கு முந்தைய ரைட்டர் நோயில் விழுந்ததும் முதலாளி அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். ஒரே வாரத்தில் எஸ்டேட் வீட்டையும் காலி செய்ய வைத்தார். அந்த வீட்டில்தான் நாங்கள் குடியிருந்தோம்.

ஒருநாள் மனைவி, "தலவலிங்க, தொணைக்கு வாங்க" என்று பஸ் ஏறி, ஒண்டிக்கடை முக்கிலிருந்த டாக்டரிடம் கூட்டிப் போனாள். உள்ளே போனதும் என்னைக் கை காட்டினாள்.

"இவருக்குத்தானுங்க பாக்கோணும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. டாக்டர் என்னிடம் கேட்டார்.

"ராத்திரி எத்தன தடவ எந்திரிக்கிறீங்க?"

"ரெண்டுங்க" என்றேன்.

"ஏழுங்க" என்றாள் அவள். "நேத்து எட்டு."

டாக்டர் என் சிறுநீரை நீல மருந்தில் விட்டுச் சூடு காட்டினார். அது செங்கல் நிறமானது. சர்க்கரை நோயாக இருக்கலாம், இன்றைக்கே சேலத்தில் ரத்தம் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள் என்றார்.

வெளியே வந்ததும் அவள்மேல் பாய்ந்தேன்.

"ஊடு போச்சுன்னா எங்க போவ?"

"போனாப் போகுதுங்க. நீங்க படியேறி வர்ற சத்தம் கேக்குற வரைக்கும் தெனமும் மூச்சப் புடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கறனுங்க. இனி என்னால முடியாதுங்க."

நடுத்தெருவில் நின்று அழுதாள். நாகலூர் பஸ் வந்து நின்றது. அதை விட்டுவிட்டுச் சேலம் பஸ்ஸில் ஏறினோம்.